வியாழக்கிழமை போன்

இசக்கியம்மாளுக்கு அதுவரை வாழ்க்கையில் இரண்டே போன்கள்தான் வந்திருந்தன. ஒன்று, தளவாய்புரத்தில் அவள் அண்ணனுக்குப் பையன் பிறந்தபோது. இன்னொன்று தப்பான நம்பர். அதனால் தொண்ணூற்று ஐந்தாம் வருஷம் புரட்டாசியில், வியாழக்கிழமைதோறும் நாலு மணிக்கு மதுரையிலிருந்து ஒரு டாக்டர் அவளைக் கூப்பிட ஆரம்பித்ததும், ராஜபாளையம் முடங்கியார் ரோட்டில் அந்தப் பகுதியே சற்று நிமிர்ந்து உட்கார்ந்தது.

போன் வந்தது பரிபூரணத்தின் எஸ்.டி.டி. பூத்துக்கு. பரிபூரணத்துக்குச் சிறுவயதில் இளம்பிள்ளைவாதம் வந்து ஒரு கால் சூம்பிப்போயிருந்தது. இரும்புச் சட்டம் மாட்டிய அந்தக் காலை மேசைக்கு அடியில் நீட்டிக்கொண்டு, காலை ஆறு மணிக்கு உட்கார்ந்தால் இரவு பத்துக்குத்தான் எழுந்திருப்பாள். பூத்தில் இரண்டு போன்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் இருப்பது வெளியூருக்குப் பேச. மேசைமேல் இருப்பது வருகிற போனுக்கு. தெருவில் பாதிப்பேர் கல்யாணப் பத்திரிகையில் பி.பி., அதாவது கூப்பிட்டுக் கொடுக்கிற நம்பர், என்று போட்டுக்கொள்வது அந்த மேசைப் போனின் நம்பரைத்தான். அதில் பேசுகிறவர்கள் நின்றுகொண்டு பேச வேண்டும். மூன்றடி தள்ளி ஒரு பெஞ்சு.

பெஞ்சில் எப்போதும் மூன்று பேர் இருப்பார்கள். மில்லில் பிட்டராக இருந்து ரிட்டயரான சௌந்தரபாண்டியன், பேப்பர் படிக்க. தேங்காய் புரோக்கர் ஆண்டிச்சாமி, கொல்லத்திலிருந்து விலை கேட்டு வரும் போனுக்காக. பக்கத்து வீட்டு வெங்கட்டம்மாவுக்கு யாரும் போன் செய்வதில்லை. வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசுகிற அவள், மற்றவர்களுக்கு வருவதைக் கேட்பதற்காகவே வருவாள்.

அந்த ஊரில் வெளியூர்ப் போன் என்றால் கத்திப் பேச வேண்டும் என்பது ஏற்பாடு. "மதுரை எம்புட்டுத் தூரம்? மெதுவாப் பேசுனா திருமங்கலத்தோட நின்னுரும்லா" என்பார் சௌந்தரபாண்டியன், முழு நம்பிக்கையோடு. மதுரைக்குச் சாதாரணமாகவும், மெட்ராசுக்கு நரம்பு புடைக்கவும், துபாய்க்குக் கண்ணை மூடிக்கொண்டும் கத்துவார்கள்.

டாக்டர் இசக்கியம்மாளைக் கூப்பிட்டது அவள் மகள் சீனியம்மாளைப் பற்றிப் பேசத்தான். வயது ஒன்பது, நாலாம் வகுப்பு. தெருவுக்குச் சீனி.

சீனி நடந்து யாரும் பார்த்ததில்லை. ஓடுவாள், அல்லது தொங்குவாள். கடைக்கு உப்பு வாங்க அனுப்பினால் கையில் ஒரு ஓணானோடு வருவாள், உப்பு வராது. அந்த வருஷம் மட்டும் மூன்று குடை, இரண்டு சாப்பாட்டு டப்பா, ஒற்றைச் செருப்பு ஐந்து தொலைத்திருந்தாள். ஒருநாள் தெருவில் போன கல்யாண ஊர்வலத்து மேளத்தைப் பின்தொடர்ந்து போய், பெண் வீட்டிலேயே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, தாம்பூலத் தேங்காயும் வாங்கிக்கொண்டு வந்தாள். எங்கே போனாய் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. ஒவ்வொன்றும் அடுத்ததைக் காட்டியது, அவள் போனாள், அவ்வளவுதான்.

வீட்டில் அதைச் சிரித்துக் கடந்துவிட முடிந்தது. அப்பா சோலைராஜ் லாரி டிரைவர். வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தாலும் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தபடிதான் சாப்பிடுவார். "நான் அஞ்சாங்கிளாஸ்ல சன்னல் வழியாக் குதிச்சவன். லாரி ஓட்டலியா? பிள்ளை வெளங்கிரும்டி" என்பார்.

ஆனால் பள்ளிக்கூடத்தில் அறுபத்திரண்டு பிள்ளைகள். ஜெயபாய் டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பி ஒரு கணக்கை எழுதி முடிப்பதற்குள் சீனி மூன்று பெஞ்சு மாறியிருப்பாள். கேள்வி முடியுமுன் பதில் சொல்வாள். பதில் பெரும்பாலும் சரியாக இருக்கும், அதுதான் டீச்சருக்கு இன்னும் கஷ்டம். எழுதச் சொன்னால் இரண்டு வரிக்கு மேல் நோட்டில் ஒன்றுமிருக்காது. ஆவணியில் ஒருநாள், ஆய்வுக்கு வந்த அதிகாரி பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் ஸ்கூட்டரின் ஹாரன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அன்று ஹெட்மாஸ்டர் இசக்கியம்மாளை வரச் சொன்னார்.

"அரைப்பரீட்சைக்கு முன்னால டி.சி. வாங்கிட்டுப் போயிரும்மா. எங்களால ஆகாது."

"சார், பொம்பளப் பிள்ளை சார். இப்ப நிறுத்துனா பொறவு எங்கிட்டுச் சேப்பேன்? தீப்பெட்டி ஒட்டத்தான் போவா."

அந்த இடத்தில்தான் ஜெயபாய் டீச்சர் வாயைத் திறந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் மனநல டாக்டர் ஒருவர் மாதம் ஒருமுறை முகாம் போடுகிறார், இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்கிறார், டாக்டர் எழுத்தில் ஏதாவது கொடுத்தால் யோசிக்கலாமே என்றார். ஹெட்மாஸ்டர் யோசித்து, "கடுதாசி வந்தாப் பாப்போம். வரலைன்னா டி.சி." என்றார்.

முகாம் கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் நடந்தது. டாக்டர் கமலவல்லிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே, மாடவீதியில். வேலை மதுரையில். அவர் பேச ஆரம்பித்த இரண்டாவது நிமிஷத்தில் நாற்காலியில் சீனி இல்லை. அரைமணி நேரம் தேடினார்கள். கடைசியில் ஒரு பால்கோவா கடைக்காரர் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். வாயைச் சுற்றிப் பால்கோவா.

"தேருக்கு அடியில படுத்து அச்சைப் பாத்துக்கிட்டிருக்கா. எழுப்பினா, இந்தத் தேரை நிறுத்தக் கட்டை எப்படிப் போடுவாகன்னு என்னையே கேக்கா."

இசக்கியம்மாள் அடிக்கக் கை ஓங்கினாள். டாக்டர் அதைப் பார்க்காதவர்போல, "எவ்வளவு நேரம் அங்கே படுத்திருந்தாள்?" என்று கடைக்காரரைக் கேட்டார்.

"அது இருக்கும், இருவது நிமிசம். அசையல."

டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு இசக்கியம்மாளிடம் சொன்னார்: "இவ சொல்றதைக் கேக்காம இல்லம்மா. கேட்டது மனசுல நிக்கறதுக்குள்ள அடுத்தது வந்துடறது. இது சேட்டையும் இல்ல, வளர்ப்புக் குறையும் இல்ல. இதுக்கு வழி இருக்கு. ஆனா ஒருதடவை பாத்து முடிவு பண்ணக்கூடாது. ஆறு வாரம் நீங்க பாக்கறதை எனக்குச் சொல்லணும்."

"ஆறு வாட்டி மதுரைக்கு வரணுமா டாக்டரம்மா? ஒருநா லீவு போட்டாலே என் எடத்துல வேற ஆளப் போட்டுருவாக."

"வர வேண்டாம். உங்க பக்கத்துல போன் இருக்கா?"

அதுதான் அவருடைய ஆராய்ச்சி. பஸ் ஏறி வர முடியாத தாய்மாரிடம் போனிலேயே கேட்டுப் பிள்ளையைப் புரிந்துகொள்ள முடியுமா, போனிலேயே வழி சொல்ல முடியுமா என்பது. அவருடைய பேராசிரியருக்கு அதில் நம்பிக்கை இல்லை. "நாடி பாக்காம வைத்தியமா? போன் வயரைப் பிடிச்சா நாடி தெரியுமா?" என்று எல்லோர் முன்பும் சிரித்திருந்தார்.

அப்படித்தான் புரட்டாசி முதல் வியாழன் வந்தது. இசக்கியம்மாள் ஷிப்டு முடிந்து வந்து, முகம் கழுவி, பொட்டு வைத்து, ஒரு முழம் பூவும் வைத்துக்கொண்டு பூத்துக்கு வந்தாள். சீனியையும் தலைவாரிக் கூட்டிவந்தாள். போனில் எதுவும் தெரியாது என்று பரிபூரணம் சொல்லிப் பார்த்தாள்.

"இருக்கட்டும்க்கா. டாக்டர்ட்ட பேசும்போது அழுக்காவா இருக்கிறது?"

மணி அடித்தது. டாக்டரின் குரல் ரிசீவரை விட்டு வெளியே வந்து பெஞ்சுவரை கேட்டது. பதினெட்டுக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நாலு பதில்களில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒன்று, ஒருபோதும் இல்லை. இரண்டு, எப்போதாவது. மூன்று, அடிக்கடி. நான்கு, எப்போதும்.

"முதல் கேள்வி. உட்காரச் சொன்ன இடத்துல உட்காராம எழுந்து ஓடறாளா?"

இசக்கியம்மாள் வாயைத் திறந்தாள். பெஞ்சைப் பார்த்தாள். சௌந்தரபாண்டியன் பேப்பரைத் தாழ்த்தியிருந்தார். ஆண்டிச்சாமி காதில் செருகியிருந்த பேனாவை எடுத்துவிட்டிருந்தார். வெங்கட்டம்மா தள்ளி உட்கார்ந்து வசதி செய்துகொண்டாள். ஒரு பொம்பளப் பிள்ளையின் குறையை, நடுரோட்டில், மதுரைக்குக் கேட்கும்படி, கத்திச் சொல்வதா?

"இல்ல டாக்டரம்மா!" என்று கத்தினாள். "வச்ச எடத்துல இருப்பா! பிள்ளையார் மாதிரி!"

அந்த நேரத்தில் பிள்ளையார் கண்ணாடிக் கூண்டின் கதவில் ஊஞ்சலாடிக்கொண்டிருந்தார்.

"பொருள்களைத் தொலைக்கறாளா?"

"ஒரு குண்டூசி தொலைக்க மாட்டா!"

"மத்தவங்க பேசும்போது குறுக்கே பேசறாளா?"

"எம்மா, யாரு அந்த டாக்டரா, எனக்கு ஒருவாட்டி குடும்மா, எம்மா!" என்றாள் சீனி.

"வாயே தொறக்க மாட்டா டாக்டரம்மா!"

பதினெட்டும் முடிந்தபோது இசக்கியம்மாளுக்கு வேர்த்திருந்தது. பெஞ்சில் வெங்கட்டம்மா மட்டும் பெருமூச்சு விட்டு, "போனீம்மா, போகட்டும், சின்னப்பிள்ள" என்றாள். யாரும் ஒன்றும் கேட்காதபோது இவள் எதற்குச் சமாதானம் சொல்கிறாள் என்று பரிபூரணம் நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வியாழனும் அப்படியே. அதற்கடுத்ததும். புரட்டாசி முடிந்து ஐப்பசி வந்தது. மலை மேகத்துக்குள் போய், பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. அந்த நாட்களில் ராஜபாளையம் எங்கோ தொலைதூரத்து ரயில் நிலையம் மாதிரித் தெரியும். யாரோ வரப்போகிறார்கள், யாரோ போகப்போகிறார்கள் என்று தோன்றிக்கொண்டே இருக்கும். உண்மையில் வருவது செண்பகத்தோப்புப் பக்கமிருந்து மழைதான்.

மதுரையில் டாக்டரின் மேசைமேல் இரண்டு தாள்கள் இருந்தன. ஜெயபாய் டீச்சர் தபாலில் அனுப்பியதில் பதினெட்டுக்கும் நாலு, நாலு, நாலு. ஓரத்தில் சிறிய எழுத்தில் 'ஆனால் நல்ல பிள்ளை' என்றும் எழுதியிருந்தார். இசக்கியம்மாள் போனில் சொன்னதில் பதினெட்டுக்கும் ஒன்று. ஐந்தாவது வியாழன் டாக்டர் வெளிப்படையாகவே பேசிவிட்டார்.

"அம்மா, ஸ்கூல்ல மட்டும் இருக்கு, வீட்டுல துளியும் இல்லைன்னா இது நான் நினைச்ச பிரச்சினை இல்லைன்னு ஆயிடும். ரெண்டு இடத்துலயும் இருந்தாத்தான் நான் எழுத முடியும். இப்படியே போனா அந்த லெட்டரை நான் குடுக்க முடியாது. அடுத்த வாரம் கடைசியாக் கேக்கறேன். வாயால சொல்ல சங்கடமா இருந்தா நம்பரை மட்டும் சொல்லுங்கோ, போதும்."

இசக்கியம்மாள் ரிசீவரை வைத்துவிட்டு அப்படியே நின்றாள். மகள் நல்லவள் என்று ஊரறியச் சொல்லிச் சொல்லியே அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

"கூண்டுக்குள்ள போய்ப் பேச முடியாதாக்கா?"

"அந்தப் போனுக்கு வெளியில இருந்து வராதுல்லாடி. வந்தாலும், கதவச் சாத்திக்கிட்டு அப்படி என்ன ரகசியம்னு ஒரு வாரத்துக்குப் பேசுவாக" என்றாள் பரிபூரணம். "நம்பரச் சொல்லேன்."

"நம்பரு? பெஞ்சுக்கே பாடமாயிருச்சு. நேத்து ஆண்டிச்சாமி அண்ணாச்சி டீக்கடையில, வடை எப்படி இருக்குன்னதுக்கு 'மூணு, அடிக்கடி'ங்காக."

பரிபூரணம் சிரித்துவிட்டாள். இசக்கியம்மாள் சிரிக்கவில்லை.

இசக்கியம்மாள் வேலை பார்த்தது சத்திரப்பட்டி ரோட்டில் ஒரு பேண்டேஜ் துணிக் கொட்டகையில். ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குக் கட்டுகிற அந்தச் சல்லடைத் துணி அங்கேதான் நெய்து, வெட்டி, சுருட்டி மூட்டையாகும். ஒரு பக்கம் இருபது தறி. மறுபக்கம் நீளமான மேசையில் பெண்கள் துணியைச் சுருட்டுவார்கள். தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவள் காதைக் கடித்துச் சொன்னாலும் கேட்காது. அதனால் அங்கே யாரும் பேசுவதில்லை, தட்டுவார்கள். கத்தரிக்கோலின் பிடியால் மேசைப் பலகையில் தட்டினால் அதிர்வு கைக்குத் தெரியும். ஒரு தட்டு, துணி தீர்ந்துவிட்டது. இரண்டு, கறைத்துணி, ஒதுக்கி வை. மூன்று, மேஸ்திரி வருகிறார். நாலு, டீ வந்தாச்சு.

அடுத்த புதன்கிழமை மேசையின் அந்தக் கோடியிலிருந்து நாலு தட்டு வந்தது. எல்லோரும் கையை உதறிக்கொண்டு எழுந்தார்கள். இசக்கியம்மாள் எழுந்திருக்கவில்லை. உள்ளங்கையை மேசைமேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு, யாரும் சிரிக்கிற மாதிரி எதுவும் சொல்லாமலே, தனியாகச் சிரித்தாள்.

வியாழக்கிழமை மூன்றரைக்கே மழை பிடித்துக்கொண்டது. ரோட்டில் போனவர்கள் எல்லாம் பூத்துக்குள் ஒதுங்கினார்கள். ஒரு புடவை மூட்டைக்காரர், சைக்கிளோடு இரண்டு மில் ஆட்கள், யாருடையதென்று தெரியாத ஒரு ஆடு. குடை பிடிக்க மறந்து குடையைக் கையில் வைத்திருந்த ஜெயபாய் டீச்சரும் ஓடிவந்து ஏறினார். லோடு இறக்கிவிட்டு அன்றுதான் வந்திருந்த சோலைராஜ், வாசலில் ஒரு காலும் படியில் ஒரு காலுமாக நின்றார். தகரக் கூரையில் மழை விழுந்த சத்தத்தில் பூத்தே ஒரு தறிக்கொட்டகை மாதிரி இரைந்தது.

"இன்னைக்குன்னு பாத்து இம்புட்டுப் பேரா?" என்றாள் பரிபூரணம், இசக்கியம்மாள் காதில்.

"இருக்கட்டும்க்கா. இந்தப் பேனாவக் குடு."

அது மேசைக்காலில் நூலால் கட்டிப்போட்டிருந்த பேனா. மணி அடித்தது. இசக்கியம்மாள் ரிசீவரை எடுத்தாள்.

"டாக்டரம்மா! இங்க மழை! நீங்க கேளுங்க! நான் சொல்லுதத விட்டுருங்க, சத்தத்தை எண்ணுங்க!"

"என்ன சொல்றேள்? சரியா கேக்கலை. முதல் கேள்வி. உட்கார்ந்த இடத்துல இருக்காம எழுந்து ஓடறாளா?"

"இல்லவே இல்லம்மா! தங்கம்!" என்று கத்திய இசக்கியம்மாள், பேனாவின் பின்பக்கத்தால் ரிசீவரின் வாயில் தட்டினாள். டொக். டொக். டொக். டொக்.

"லைன்ல ஏதோ... அம்மா, மறுபடியும் கேக்கறேன். ஓடறாளா?"

"ஓடவே மாட்டா!" டொக். டொக். டொக். டொக்.

டாக்டர் புரிந்துகொண்ட நொடி இசக்கியம்மாளுக்குத் தெரிந்தது, ஏனென்றால் மதுரையில் யாரோ மூச்சை இழுத்து, பிறகு சிரிப்பை அடக்கினார்கள்.

"சரிம்மா. நன்னா கேக்கறது. ரெண்டாவது. பொருள்களைத் தொலைக்கறாளா?"

"பத்திரமா வச்சுக்கிருவா!" நாலு.

"சொன்ன வேலையைப் பாதியில விடறாளா?"

"முடிக்காம எந்திரிக்க மாட்டா!" நாலு.

"நேரம் போறது தெரியாம ஒரே விஷயத்துல முழுகிப் போறதும் உண்டா?"

இது புதுக் கேள்வி. பதினெட்டில் இல்லாதது. தேருக்கடியில் படுத்திருந்த இருபது நிமிஷம் இசக்கியம்மாளுக்கு நினைவு வந்தது. "உண்டு டாக்டரம்மா!" என்றாள். வாயும் பேனாவும் ஒன்றாகச் சொன்ன முதல் பதில் அதுதான். மூன்று தட்டினாள்.

இப்படியே போயிற்று. மழை இரைந்தது, இசக்கியம்மாள் மகளைப் புகழ்ந்து கத்தினாள், பேனா உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. பதினொன்றாவது கேள்விக்கு வந்தபோது, அடிவாரத்து மழைக்கே உள்ள குணத்தின்படி, மழை சொல்லாமல் கொள்ளாமல் சட்டென்று நின்றது. கூரையிலிருந்து சொட்டும் சத்தம் மட்டும்தான்.

"மத்தவங்க பேசும்போது குறுக்கே பேசறாளா?" என்றது டாக்டர் குரல், எல்லோருக்கும் தெளிவாக.

இசக்கியம்மாளால் நிறுத்த முடியவில்லை. "வாயே தொறக்க மாட்டாம்மா!"

டொக். டொக். டொக். டொக்.

புடவை மூட்டைக்காரர் வாய்க்குள் எண்ணியது தெரிந்தது. ஜெயபாய் டீச்சர் குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சௌந்தரபாண்டியன் மெதுவாகப் பேப்பரை மடித்துத் தொடைமேல் வைத்தார்.

"ஏட்டி இசக்கி."

"அண்ணாச்சி..."

"நாலா?"

இசக்கியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். காதெல்லாம் சிவந்துவிட்டது.

"அத வாயால சொல்லித் தொலைச்சா என்ன? எங்களுக்கு எட்டு வருசமாத் தெரியும், மதுரை டாக்டரம்மாவுக்குத்தான் தெரியல" என்றார் சௌந்தரபாண்டியன். "என் மூக்குக்கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஓடுனாளே, அது எந்தக் கேள்வி? அஞ்சாவதா? அதுக்கும் நாலு போடச் சொல்லு."

"என் தேங்காக் கணக்கு நோட்டுல படம் வரஞ்சு வச்சிருக்கா" என்றார் ஆண்டிச்சாமி. "பூராவும் லாரி. ஆனா நல்லா வரைஞ்சிருக்கா, அதையும் சொல்லணும்லா."

"மா இண்ட்லோ, எங்க வீட்ல, பூனைக்கு பேண்டேஜ் சுத்தினதி ஈ பிள்ளதான்!" என்றாள் வெங்கட்டம்மா, உணர்ச்சியில் இரண்டு மொழியையும் சேர்த்து. "முழு உருண்டை! பூனை இன்னும் எங்கிட்டப் பேசறதில்ல!"

"ஏலே சோலைராஜு, உன்னையும் சொல்லுவேன்" என்றார் சௌந்தரபாண்டியன் வாசல் பக்கம் திரும்பி. "இவன் மட்டும் லேசா டாக்டர்? சின்னதுல சஞ்சீவி மலைல ஏறி எறங்கத் தெரியாம, நாங்கல்லா கயிறு கட்டி எறக்குனோம். இந்தா, இப்பவும் ஒரு எடத்துல நிக்கானா பாருங்க."

சோலைராஜ் வாசலில் இருந்த காலைப் படிக்கும், படியில் இருந்த காலை வாசலுக்கும் மாற்றிக்கொண்டு, "நான் எங்க அசைஞ்சேன்?" என்றார். பூத்து சிரித்தது. ஆடும் கத்தியது.

"ஒருத்தர் ஒருத்தராப் பேசுங்கோ!" என்று மதுரை கெஞ்சியது. "யாரு, அப்பாவுக்கும் உண்டா? அது ரொம்ப முக்கியம். குடும்பத்துல இது வரும். அவர் அங்கே இருக்காரா?"

பரிபூரணம் ரிசீவரை இசக்கியம்மாள் கையிலிருந்து வாங்கி, பெஞ்சின் நடுவே நீட்டிப் பிடித்தாள். பாக்கி ஏழு கேள்விகளுக்கும் முடங்கியார் ரோடு பதில் சொன்னது. சண்டையும் வந்தது. 'அடிக்கடி' என்றார் ஆண்டிச்சாமி, 'எப்பவும்' என்றார் சௌந்தரபாண்டியன். வரிசையில் தன் முறைக்குக் காத்திருப்பாளா என்ற கேள்விக்கு மட்டும் ஜெயபாய் டீச்சர் முன்னால் வந்தார்.

"டாக்டர், நான் கிளாஸ் டீச்சர். காத்திருக்க மாட்டா. ஆனா சத்துணவு வரிசையில சின்னப் பிள்ளைய யாராச்சும் தள்ளிவிட்டா, தன் எடத்த விட்டுட்டுப் போய் அதத் தூக்கிட்டு வருவா. அத எந்த நம்பர்ல போடுறதுன்னு எனக்குத் தெரியல."

"அதுக்கு நம்பர் இல்ல டீச்சர்" என்றார் டாக்டர். "நான் எழுதிக்கறேன்."

இசக்கியம்மாள் மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இத்தனை வாரமாக ஒரு முந்தானைக்குள் மூடி வைத்திருந்ததை, தெரு எடுத்து உதறி வெயிலில் போட்டுவிட்டது. அவமானமாக இருக்கும் என்று நினைத்தாள். இருக்கவில்லை. அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்ததில் இரண்டுமே சரியாக வரவில்லை.

"பிள்ளை எங்கட்டி?" என்றாள் பரிபூரணம்.

சீனி ரோட்டில் இருந்தாள். மழைத் தண்ணீர் ஓடுகிற ஓடையில் ஒற்றைச் செருப்பை விட்டு, அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தாள்.

இந்தத் தட்டும் வித்தையை எங்கே கற்றீர்கள் என்று இசக்கியம்மாளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் டாக்டர் அன்று போனை வைத்தார். கடிதம் பத்தே நாளில் வந்தது. இரண்டு பக்கம், தமிழில், டைப் அடித்து. சீனியம்மாளுக்கு இருப்பது கவனத்தில் ஏற்படும் ஒரு கோளாறு, அதைப் பழக்கத்தால் நேராக்கலாம், தேவைப்பட்டால் மருந்தைப் பிறகு யோசிக்கலாம், பள்ளியை விட்டு அனுப்புவது எல்லாவற்றையும் விடத் தீங்கானது என்று எழுதியிருந்தது. கீழே வரிசையாகச் செய்ய வேண்டியவை. முதல் பெஞ்சில் உட்கார வைக்க வேண்டும். பத்துக் கணக்கை ஒன்றாகக் கொடுக்காமல் இரண்டிரண்டாகக் கொடுக்க வேண்டும். நடுவில் எழுந்து போய்வர ஒரு வேலை தர வேண்டும். கடைசியில் ஒன்று: 'கவனம் விலகும்போது பெயர் சொல்லிக் கத்த வேண்டாம். மேசையில் மெதுவாக இரண்டு தட்டு தட்டவும். அவளுடைய தாயார் வேலை செய்யும் இடத்தில் இந்த முறை நன்றாகப் பயன்படுகிறது.'

ஹெட்மாஸ்டர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். இரண்டு தட்டு எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. ஆனால் மதுரை டாக்டரின் கையெழுத்தும் முத்திரையும் இருந்தன. "அரைப்பரீட்சை எழுதட்டும்" என்றார். முழுப்பரீட்சையும் எழுதட்டும் என்று ஜெயபாய் டீச்சர் சொல்ல, "எழுதட்டும், எழுதட்டும்" என்று கையை ஆட்டினார்.

எல்லாம் நேராகிவிடவில்லை. கார்த்திகையில் இன்னொரு குடை போயிற்று. ஆனால் இரண்டு கணக்கு முடிந்ததும் ஓடிப்போய் ஆபீசில் சாக்பீஸ் வாங்கிவருகிற வேலை சீனிக்கு வந்தது. வகுப்பில் அவ்வளவு சாக்பீஸ் அதற்கு முன் இருந்ததே இல்லை. டீச்சர் மேசையில் டொக் டொக் என்றதும், சன்னலுக்கு வெளியே போயிருந்த முகம் திரும்பி வந்தது. சில நாள் மூன்று முறை தட்ட வேண்டியிருந்தது, சில நாள் முப்பது முறை. வீட்டிலும் இசக்கியம்மாள் கரண்டியால் சட்டியில் தட்டினாள். அதற்குச் சோலைராஜும் திரும்பிப் பார்த்து, தட்டோடு வந்து உட்கார்ந்தார் என்பதுதான் யாரும் எதிர்பார்க்காதது.

அரைப்பரீட்சை முடிந்த வியாழக்கிழமை டாக்டரின் கடைசிப் போன் வந்தது. அவருடைய பேராசிரியர் போன் ஆராய்ச்சியைப் படித்துவிட்டு, 'பதில் சொன்னவர்கள்' என்ற இடத்தில் 'தாய், தந்தை, ஆசிரியர், தெரு' என்று போட்டிருப்பதைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றினாராம்.

"இன்னிக்கு உங்ககிட்ட கேள்வி இல்லம்மா. சீனிகிட்ட குடுங்கோ."

சீனி ஸ்டூலில் ஏறி நின்று இரண்டு கையாலும் ரிசீவரைப் பிடித்தாள். மூன்று மாதமாக அவள் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான். பெஞ்சு நிறைந்திருந்தது. வெங்கட்டம்மா பூனையையும் தூக்கி வந்திருந்தாள்.

"சீனி, வகுப்புல உட்கார்ந்த இடத்துலயே இருக்கியா?"

சீனி பெஞ்சைப் பார்த்தாள். பேப்பரைத் தாழ்த்திய சௌந்தரபாண்டியனை, காதிலிருந்து பேனாவை எடுத்துவிட்ட ஆண்டிச்சாமியை, அம்மாவை. மார்பை நிமிர்த்தி, மதுரையும் தாண்டிக் கேட்கும்படி கத்தினாள்:

"எப்பவும் இருப்பேன் டாக்டர்!"

பிறகு நூலில் தொங்கிய பேனாவை எடுத்து, நாக்கைத் துருத்திக்கொண்டு யோசித்து, ரிசீவரின் வாயில் மெதுவாக இரண்டு தட்டினாள்.

"ரெண்டு, எப்பவாச்சும்" என்று ஆண்டிச்சாமி முணுமுணுத்தார். அப்புறம் மதுரையிலிருந்து, தெளிவாக, டொக் டொக் என்று இரண்டு வந்தது.